கேரி பேக்கை நிறுத்தியாச்சு, அப்புறம்?

பிளாஸ்டிக்கைக் குறைக்கலாம் என்று ஒரு சின்னக் கடை முடிவெடுத்தால், முதலில் கை போவது கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் கேரி பேக் கட்டின் மேல்தான். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. அதை எடுத்துவிட்டு வாசலில் ஒரு அறிவிப்பும் ஒட்டினால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். சரக்கு இறங்கும் பின்பக்கம் போய்ப் பார்த்தால் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்: அட்டைப்பெட்டி அடுக்கைச் சுற்றிய ஸ்ட்ரெட்ச் ஃபிலிம், பெட்டிக்குள் டஜனுக்கு ஒரு கவர், சாக்குக்குள் ஒரு உள்கவர், பபுள் ராப், டேப். வாடிக்கையாளர் கண்ணில் படாத பிளாஸ்டிக் இது. அதனாலேயே யாரும் கேட்பதில்லை.

ஆகவே எதையும் மாற்றும் முன் ஏழு நாள் எடை போடுங்கள். ஐந்து குவியல் போதும். கல்லாவில் கொடுக்கும் பைகள் ஒன்று. கடையிலேயே பொட்டலம் போடும் கவர்கள் இரண்டு. சரக்கோடு வந்த ஃபிலிமும் உள்கவரும் மூன்று. டேப், ஸ்டிக்கர், பபுள் ராப் நான்கு. கையுறை, கிளீனிங் பாட்டில் மாதிரி சில்லறை ஐந்து. முதல் இரண்டும் கடையை விட்டு வெளியே போய்விடும், குப்பையில் கிடைக்காது. அவற்றுக்கு, பைக் கட்டிலிருந்து எத்தனை குறைந்தது என்று திங்கள் காலையிலும் ஞாயிறு இரவிலும் எண்ணிக் கழிக்க வேண்டும். மற்ற மூன்றையும் சாக்கில் போட்டுத் தராசில் வைத்தால் போதும்.

எடை, எண்ணிக்கை இரண்டையும் எழுதுங்கள். மெல்லிய கேரி பேக் ஒன்று சுமார் 8 கிராம். 125 பை சேர்ந்தால்தான் ஒரு கிலோ. எடையை மட்டும் பார்த்தால் கேரி பேக் ஒன்றுமே இல்லை என்று தோன்றும், எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அதுதான் எல்லாம் என்று தோன்றும். தெருவிலும் வாய்க்காலிலும் போய் அடைப்பது எண்ணிக்கை. தொழிற்சாலையில் உருக்கி வார்த்தது எடை.

பிரிக்கும்போதே அடியில் உள்ள முக்கோணத்து எண்ணையும் பாருங்கள். 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்த குறியீடு அது. மறுசுழற்சி ஆகும் என்று அது உறுதி சொல்வதில்லை. எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்கிறது. 1 பெட் பாட்டில், 2 கெட்டியான பாலிதீன், 4 மெல்லிய ஃபிலிம், 5 பாலிப்ரோப்பிலீன். இவை சுத்தமாகவும் தனித்தனியாகவும் இருந்தால் வாங்க ஆள் கிடைக்கும். பளபளவென்று அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காக ஒட்டிய பாக்கெட்டைப் பிரித்தெடுப்பது கஷ்டம், அதனால் அதற்குப் பெரும்பாலும் ஆள் கிடையாது. ஸ்ட்ரெட்ச் ஃபிலிமில் டேப்பும் ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தாலும் எடுப்பவர் முகம் சுளிப்பார். பிரிக்கும் இடத்திலேயே ஸ்டிக்கர் இருக்கும் துண்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சுருட்டிவைப்பது பத்து வினாடி வேலை.

இனி பை. மாற்றுப் பை வாங்குவதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பை துணி அல்ல, பாலிப்ரோப்பிலீன். ஓரத்தில் ஒரு இழையை உருவிப் பாருங்கள்: நெய்த துணியாக இருந்தால் நூல் நீளமாக வரும். நான்-ஓவனில் நூலே கிடையாது, பிய்த்தால் பஞ்சு மாதிரி நார் கிளம்பும். மேலே சின்னச் சின்னப் புள்ளிகளாக அச்சு தெரியும், சூட்டில் அழுத்தி ஒட்டிய இடங்கள் அவை. திரும்பத் திரும்பப் பயன்பட்டால் அதுவும் நல்ல பைதான். ஆனால் இலவசமாகக் கொடுத்து ஒரே தடவையில் எறியப்பட்டால் பழைய மெல்லிய பையைவிடப் பல மடங்கு பிளாஸ்டிக்கை வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

‘மக்கும்’ என்று எழுதியிருப்பதிலும் இரண்டு வகை இருக்கிறது. ஆக்ஸோ வகை, சாதாரண பாலிதீனில் ஒரு ரசாயனம் சேர்த்தது. வெயிலில் பொடிப்பொடியாக உதிரும், மக்காது. ஐரோப்பிய ஒன்றியம் இவற்றை 2021 ஜூலையிலிருந்து விற்கத் தடை செய்தது. பிஎல்ஏ என்பது செடிச் சர்க்கரையிலிருந்து செய்வது, ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸ் சூடு வாரக்கணக்கில் நிற்கும் பெரிய உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். உங்கள் ஊரில் அப்படி ஒரு கூடம் குப்பை எடுக்காவிட்டால் அந்தக் கூடுதல் செலவுக்குப் பொருளே இல்லை. பெட் பாட்டிலோடு அது கலந்துவிட்டால் அந்தப் பெட்டும் கெடும்.

காகிதப் பை சரி, ஆனால் அதன் குணம் தெரிந்து வாங்க வேண்டும். ஒரு கிலோ வரை உலர்ந்த சரக்குக்கு 60 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்ற கணக்கு) கிராஃப்ட் எனும் கெட்டிப் பழுப்புக் காகிதம் போதும். கைப்பிடி வைத்த பைக்கு 100 முதல் 120. கிழிவது பெரும்பாலும் நடுவில் இல்லை, அடிப்பக்க மடிப்பு ஒட்டிய இடத்திலும் கைப்பிடி வேரிலும்தான். மாதிரிப் பை பத்து கேட்டு வாங்குங்கள். வழக்கமாகப் போகும் சுமையைப் போல ஒன்றரை மடங்கு போட்டு, பத்து நிமிடம் தொங்கவிட்டு, இருபது தடவை குலுக்குங்கள். பிறகு இன்னொரு பையின் அடியை ஈரத்துணியில் ஒற்றிவிட்டு அதையே செய்யுங்கள். நனைந்த காகிதத்துக்குப் பலம் கிடையாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் வேர்த்தாலே அடி கழன்றுவிடும். இடப் பிரச்சினையும் உண்டு. கல்லாவுக்கு அடியில் ஒரு இழுப்பறையில் அடங்கிய ஆயிரம் பை, காகிதமானால் ஒரு முழு அலமாரியைக் கேட்கும். பழைய செய்தித்தாளில் உணவுப் பொருளை நேரடியாக மடிக்காதீர்கள், அச்சு மை அதில் இறங்கும்.

பருத்திப் பையை இலவசமாக அள்ளிக் கொடுப்பது இன்னொரு பொறி. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே தடவை பயன்படுத்திய மெல்லிய பிளாஸ்டிக் பையோடு புவி வெப்பமாதல் கணக்கில் சமமாக, காகிதப் பையை 3 தடவையும் பருத்திப் பையை 131 தடவையும் பயன்படுத்த வேண்டும். குப்பையாகத் தெருவில் கிடப்பதை அந்தக் கணக்கு அளக்கவில்லை. அதனால் பிளாஸ்டிக் பையே நல்லது என்று இதை வைத்து வாதாட முடியாது. ஆனால் வீட்டில் ஏற்கனவே பத்து துணிப்பை வைத்திருப்பவருக்குப் பதினொன்றாவதைத் திணிப்பது வீண் என்பதற்கு இந்த எண் போதும்.

பலன் தருவது பையின் கட்டணம் பில்லில் தனி வரியாகத் தெரிவது. 2002 மார்ச்சில் அயர்லாந்து ஒரு பைக்கு 15 சென்ட் வரி போட்டபோது, ஆண்டுக்கு ஒருவருக்கு 328 பை என்று மதிப்பிட்டிருந்த புழக்கம் 21-க்கு இறங்கியது. கேட்கும் நேரமும் முக்கியம். பில் போட்டு முடித்து, சாமானெல்லாம் மேசையில் குவிந்த பிறகு “பை வேணுமா?” என்றால் யாராக இருந்தாலும் “ஒண்ணு குடுங்க” என்றுதான் சொல்வார்கள். முதல் சாமானைக் கையில் எடுக்கும்போதே “பை கொண்டாந்திருக்கீங்களா?” என்று கேளுங்கள். வண்டியில் பையை மறந்தவர் அப்போதே போய் எடுத்து வருவார். வாசலருகே ஒரு கொக்கியில் பழைய பைகளை மாட்டிவையுங்கள். மிச்சம் இருப்பவர் மாட்டிவிட்டுப் போகட்டும், மறந்து வந்தவர் எடுத்துக்கொள்ளட்டும். கணக்கு வேண்டாம்.

இதுவரை சொன்னது சுலபமான பாதி. சரக்கைச் சில்லறையாக, வாடிக்கையாளர் கொண்டுவரும் டப்பாவில் அளந்து கொடுப்பதுதான் நிஜமான குறைப்பு. கடைகள் கைவிடுவதும் அங்கேதான். பெரும்பாலும் காரணம் தராசு.

டப்பாவை வாங்கியதும் திறந்து பாருங்கள், மோந்தும் பாருங்கள். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அதில் மாவோ பருப்போ போடக்கூடாது. நாலு நாளில் கட்டிதட்டும், பழி கடைக்கு வரும். அடுத்து, மூடியைக் கழற்றிவிட்டுக் காலி டப்பாவைத் தராசில் வைத்து டேர் பட்டனை அழுத்தினால் எண் பூச்சியமாகும். நிரப்பினால் வருவது நிகர எடை. ஒரே தராசில், ஒரே ஆள், ஒரே சரக்கு என்றால் இவ்வளவுதான். ஆனால் வாடிக்கையாளரே போய் நிரப்பிக்கொண்டு வரும் கடையில் காலி எடையை டப்பாவின் மேலேயே எழுதியாக வேண்டும். கண்ணாடியில் எழுதும் மெழுகுப் பென்சில் நல்லது, ஈரக்கையில் அழியாது. டப்பா 412 கிராம், நிரப்பியபின் 1,187 கிராம், சரக்கு 775 கிராம்.

இதில் மூன்று இடத்தில் கோளாறு வரும். ஒன்று, காலியாக எடை போடும்போது மூடி இல்லை, நிரப்பிக் கொண்டுவரும்போது மூடி இருக்கிறது. மூடி 38 கிராம் என்றால் அந்த 38 கிராமுக்கும் சேர்த்து அவர் காசு கொடுக்கிறார். இரண்டு தடவையும் மூடி இல்லாமல் என்று கடைக்கு ஒரே விதி வையுங்கள். இரண்டு, டப்பாவை எடுத்ததும் தராசு −412 காட்டும். அதைக் கவனிக்காமல் அடுத்தவர் சாமானை வைத்தால் 412 கிராம் குறைத்துக் காட்டும். இப்போது நஷ்டம் கடைக்கு. காலித் தட்டில் எண் பூச்சியம்தானா என்று பார்ப்பது கைப்பழக்கமாக வேண்டும். மூன்று, தராசின் நுண்மை. தகட்டில் பொறித்த எண்களைப் பாருங்கள். கடைகளில் வழக்கமாக இருக்கும் மூன்றாம் வகுப்புத் தராசின் குறைந்தபட்ச சுமை, அதன் சரிபார்ப்பு அலகைப்போல (எடையை எத்தனை கிராம் படியாகக் காட்டுகிறது என்பது) இருபது மடங்கு: அலகு 5 கிராம் என்றால் 100 கிராம், 1 கிராம் என்றால் 20 கிராம். 5 கிராம் அலகுள்ள தராசில் 12 கிராம் மசாலா வாங்கினால் அது 10 என்று காட்டும். 13 வைத்தால் 15 என்று காட்டும். மசாலாவுக்கும் வாசனைப் பொருளுக்கும் தனியாக ஒரு சின்னத் தராசு தேவை. டப்பாவின் எடை தராசின் கொள்ளளவிலிருந்தே கழியும் என்பதையும் மறக்க வேண்டாம். 6 கிலோ தராசில் 600 கிராம் ஜாடி வைத்தால் 5.4 கிலோதான் நிரப்பலாம்.

எந்தச் சரக்கைச் சில்லறையாக வைப்பது? எட்டுப் பத்துப் பொருளில் ஆரம்பியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு மூட்டை மூன்று நான்கு வாரத்தில் காலியாகும் சரக்காக இருக்கட்டும். அரிசி, முழுப்பயறு, உடைத்த பருப்பு மாதிரி வழுக்கி இறங்குபவற்றுக்கு மேலே நிரப்பிக் கீழே திறக்கும் குழாய்த் தொட்டி பொருந்தும். பழைய சரக்கு தானாக முதலில் வெளியேறும். மாவை அதில் போட்டால் நடுவில் பாலம் கட்டி நின்றுவிடும். உலர் பழம் ஒட்டிக்கொள்ளும். இவற்றுக்கு அகப்பை போட்டு எடுக்கும் தொட்டிதான். அதில் புதிய மூட்டையை அப்படியே மேலே கொட்டினால் அடியில் இருப்பது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஒரு நாள் வண்டு கிளம்பும். காலியாகும் வரை நிரப்பாதீர்கள், காலியானதும் துடைத்து, மூலையில் சிக்கிய பொடியைத் தூரிகையால் எடுத்த பிறகு நிரப்புங்கள். வேர்க்கடலை, எள், பாதாம் போன்ற எண்ணெய்ச் சரக்கு வெளிச்சமும் காற்றும் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். பளிச்சென்று தெரியட்டும் என்று கண்ணாடித் தொட்டியில் ஜன்னலோரம் வைப்பது அலங்காரத்துக்குச் சரி, சரக்குக்குச் சரியில்லை. ஒவ்வாமை தரும் இந்தக் கொட்டை வகைகளைக் கீழ்த்தட்டில் வையுங்கள், சிந்தினால் இன்னொரு தொட்டியில் விழாது. தொட்டிக்கு ஒரு அகப்பை, கயிறு கட்டி.

வண்டு முட்டையோடு வரும் மூட்டையைச் சமாளிக்க உறைபெட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 18 டிகிரியில் சின்னப் பொட்டலத்துக்கு நான்கு நாள், பெரிய மூட்டைக்கு நடுப்பகுதி வரை குளிர் இறங்க இன்னும் சில நாள். இதில் கெடுப்பது கடைசிப் படிதான்: வெளியே எடுத்ததும் அவசரத்தில் பிரித்துக் கொட்டினால் குளிர்ந்த தானியத்தின் மேல் காற்றின் ஈரம் படிந்து பூஞ்சை பிடிக்கும். கட்டைப் பிரிக்காமல், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் முழுக்க விட்டுவையுங்கள்.

டப்பா கொண்டுவராதவருக்கு, முன்பணம் வாங்கிக்கொண்டு கடை ஜாடி கொடுப்பது நல்ல வழி. ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நூற்றுக்கு 50 ஜாடி திரும்பினால் ஒரு ஜாடியின் ஆயுள் சராசரியாக 2 தடவை. 80 திரும்பினால் 5 தடவை. 90 திரும்பினால் 10, 95 திரும்பினால் 20. கண்ணாடி மெல்லிய கவரைவிடப் பல மடங்கு கனம், செய்யவும் நிறைய எரிபொருள் வேண்டும். இரண்டு தடவையோடு காணாமல்போகும் ஜாடி கவரைவிட மோசம். 80-லிருந்து 90-க்கு ஏறினால் ஆயுள் இரட்டிப்பாகிறது என்பதைப் பாருங்கள். உழைப்பை அங்கே போடுவது லாபம். முன்பணம் ஜாடியின் விலையை ஒட்டி இருக்கட்டும். ரொம்பக் குறைவாக வைத்தால் ஜாடி அவர்கள் அடுக்களையிலேயே தங்கிவிடும். இரண்டே அளவு ஜாடி, இரண்டுக்கும் ஒரே வாய் அகலம் என்று வாங்குங்கள், மூடி மாற்றிப் போட்டாலும் பொருந்தும். முதலில் தீர்ந்துபோவது ஜாடி அல்ல, மூடி. உள்ளே இருக்கும் பூச்சு வாசனையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் மூடியைத் தனியாகக் கூடுதலாக வாங்கிவைக்க வேண்டும்.

திரும்பி வந்த ஜாடியைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவைத்தால் காகித லேபிள் கழன்றுவரும். பிளாஸ்டிக் ஸ்டிக்கர் வராது, அதனால் ஆரம்பத்திலேயே நீரில் கரையும் பசையுள்ள காகித லேபிளாக வாங்குங்கள். பிறகு தூரிகை, அலசல், கிருமிநீக்கம். 5 சதவீத பிளீச் 2 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 100 பிபிஎம் குளோரின், அதாவது பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு, கிடைக்கும். இரண்டு நிமிடம் முழுக்கிவைத்து, கவிழ்த்துத் தானாக உலரவிட வேண்டும், துணியால் துடைக்கக்கூடாது. வாசனை சேர்த்த பிளீச் ஆகாது. அதோடு வினிகர் போன்ற அமிலம் எதையும் கலக்கவே கூடாது, நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். இயந்திரத்தில் கழுவினால் கடைசி அலசல் 82 டிகிரி இருக்கட்டும். சூடான ஜாடியைக் குளிர்ந்த நீரில் போட்டால் விரிசல் விடும். வாய் விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், சில்லுப் பெயர்ந்தது உடனே வெளியே.

திரவச் சரக்கில் ஒரு எச்சரிக்கை. கை கழுவும் சோப்பு, ஷாம்பு மாதிரியானவற்றில் மிச்சத்தின் மேலேயே புதியதை ஊற்றிக்கொண்டு போனால் கிருமி வளரும். கேன் முழுக்கக் காலி, கழுவல், உலர்த்தல், பிறகு நிரப்பல். விநியோகிப்பவரிடம் 20 லிட்டர் கேனைத் திருப்பி எடுத்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். ஒரு கேனில் என்றைக்கும் ஒரே சரக்கு. பிளீச், அமிலம், பூச்சிமருந்து இவற்றைச் சில்லறையாக நிரப்பவே வேண்டாம். குடிநீர் பாட்டிலில் வீட்டுக்குப் போகும் அமிலத்தைக் குழந்தை குடிக்கும். அதற்கு பிளாஸ்டிக் பாட்டில் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்படி இருந்துவிட்டுப் போக வேண்டியவை வேறும் உண்டு. பால் பவுடர், இன்ஸ்டன்ட் காபி போன்று காற்றின் ஈரத்தை இழுப்பவை, ரத்தமும் நீரும் கசியும் இறைச்சி, மீன். கவரை எடுத்து, பதிலுக்குச் சரக்கைக் கெடவிட்டால் அது குறைப்பு ஆகாது. பிளாஸ்டிக் ஒரு துளியும் இல்லாத கடை என்று பலகை வைக்கும் ஆசை இருப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பலகை இல்லாமலே நடத்தலாம்.

பின்வாசலுக்குத் திரும்புவோம். மொத்த வியாபாரியிடம் “பிளாஸ்டிக்கைக் குறைங்க” என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டுவார், ஒன்றும் நடக்காது. மூன்றாவது குவியலைப் படம் எடுத்து, எந்தச் சரக்கில் எந்தக் கவர் என்று காட்டிக் கேளுங்கள்: “இந்தப் பெட்டியில டஜனுக்கு ஒரு கவர் போடறீங்க, அது இல்லாம அனுப்புங்க.” 1 கிலோ பாக்கெட்டுக்குப் பதில் 25 கிலோ காகிதச் சாக்கு கேட்கும்போது உள்ளே பாலிதீன் உறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், பல சாக்குகளில் இருக்கும். கொஞ்சம் முன்னதாகத் திட்டமிட்டு ஆர்டரைச் சேர்த்துப் போட்டாலே ஃபிலிமும் டேப்பும் குறையும். இதற்கு யார் சம்மதமும் தேவையில்லை.

கடையிலிருந்து பார்சல் அனுப்புபவர்களுக்கு: பிளாஸ்டிக் டேப்பை விட்டு, தண்ணீர் தொட்டு ஒட்டும் காகித டேப்புக்கு மாறலாம். பெட்டியின் நாரோடு பிடித்துக்கொள்வதால் மூன்று சுற்று வேண்டியதில்லை, நடுவில் ஒரே பட்டை போதும். பிடிக்கவில்லை என்றால் பெட்டியில் தூசி இருக்கும், அல்லது தண்ணீர் கூடவோ குறையவோ போயிருக்கும். பசை வழவழவென்று ஆனதும் ஒட்டி, பத்து வினாடி உள்ளங்கையால் நீவ வேண்டும். நூல் பதித்த வகையில் கண்ணாடி இழை இருக்கும், கனமான பெட்டிக்கு மட்டும் அது. பபுள் ராப்புக்குப் பதில் வந்த அட்டைப்பெட்டியையே கீறி மடித்துப் போடலாம். பில் ரோலும் இந்தக் குவியலின் தம்பிதான்: சூட்டில் எழுத்து வரும் அந்தத் தாளில் ரசாயனப் பூச்சு இருப்பதால் பழைய பேப்பரோடு சேர்க்கக்கூடாது. கேட்பவருக்கு மட்டும் அச்சிட்டால் ரோல் நீடிக்கும்.

வாங்கிவைத்த கேரி பேக் கட்டு மிச்சம் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், கேட்பவருக்கு மட்டும் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஐந்து குவியலையும் எடுத்து, வியாபாரம் முன்போலவே இருக்கும் ஒரு வாரத்தில் மறுபடி எடை போடுங்கள். திருவிழா வாரத்தையும் மந்தமான வாரத்தையும் ஒப்பிட்டால் எண் பொய் சொல்லும். அதனால் மொத்த எடையை அந்த வாரத்துப் பில்களின் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பில்லுக்கு எத்தனை கிராம் என்று எழுதிவையுங்கள். முதல் குவியல் குறைந்து இரண்டாவது ஏறியிருந்தால், கேரி பேக் இல்லாத குறையைக் கடைப் பையன் சின்னக் கவரை இரண்டாகப் போட்டுச் சரிசெய்கிறான் என்று அர்த்தம். அவனிடம் கேட்டுப் பாருங்கள், காகிதப் பையின் அடி கழன்றுபோகிறது என்பான்.